எந்தப் பையனுக்கு மோதலாம், யாரை விட்டுவிடலாம்: காலேஜ் ஃபுட்பால் 25 டைனஸ்டி கணக்கு

தர்மபுரி அரசு பட்டுக்கூடு அங்காடியில் ஏலம் கேட்டுத் தோற்ற வியாபாரி, மடியில் இருக்கிற பணத்தோடு அடுத்த குவியலுக்கு நகர்ந்துவிடுவார். கேட்டதற்குச் செலவில்லை, எடுத்தால்தான் செலவு. இஏ ஸ்போர்ட்ஸ் காலேஜ் ஃபுட்பால் 25 என்ற அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் வீடியோ கேமில், ஒரு கல்லூரி அணியின் கோச்சாக வருஷக்கணக்கில் ஆடும் டைனஸ்டி மோடில், பையன்களை அணிக்கு எடுப்பது அப்படி இல்லை. ஒரு பையனுக்காக ஏழு வாரம் மோதிக் கடைசியில் அவன் வேறு கல்லூரிக்குப் போய்விட்டால், அந்த ஏழு வாரம் கொட்டிய ஹவர்ஸ் (ஆள் பிடிக்க வாராவாரம் செலவிடக் கிடைக்கும் நேரம்) திரும்பி வராது. ஜெயித்தவரும் கட்டுகிறார், தோற்றவரும் கட்டுகிறார். இரண்டாம் இடத்துக்கு வந்தவர்தான் பெரும்பாலும் அதிகம் இழக்கிறார், ஏனென்றால் கடைசி வாரம் வரைக்கும் விடாமல் போட்டவர் அவர்.

ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் இந்த ஆட்டத்தை ஆடுகிறவர்கள் குறைவுதான். ஆனால் ஆடுகிறவர்கள் செய்யும் தப்பு ஒரே மாதிரி இருக்கிறது. போர்டு (நாம் துரத்தும் பையன்களின் பட்டியல்) முழுக்க நாலு ஸ்டார், அஞ்சு ஸ்டார் என்று உயர்ந்த தரம் போட்ட பையன்களாக நிரப்பிவிட்டு, எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் தூவுவது. சீசன் பாதியில் பார்த்தால் எல்லாப் பையன்களின் கல்லூரிப் பட்டியலிலும் நாலாவது, அஞ்சாவது இடம். கையில் ஒரு ஆளும் இல்லை.

முதலில் சில எண்கள். 2024 ஜூலையில் வந்த 25-ஆம் பதிப்பில் 134 அணிகள். போர்டில் ஒரே சமயத்தில் 35 பையன்களை வைக்கலாம். வாரத்துக்கு இத்தனை ஹவர்ஸ் என்று அணியின் தரத்தைப் பொறுத்துக் கிடைக்கும். மீந்தது அடுத்த வாரத்துக்குச் சேராது. ஸ்காலர்ஷிப் கொடுக்க ஒரே முறை 5 ஹவர்ஸ். சோஷியல் மீடியாவில் தேட 5, நேரடி மெசேஜுக்கு 10, நண்பர்கள் குடும்பத்தைத் தொடர்புகொள்ள 25, மொத்தப் படையையும் இறக்க 50. பையனிடம் நம் கல்லூரியைப் பற்றிப் பேசும் பிட்ச்களில் சாஃப்ட் செல் 20, ஸ்வே 30, ஹார்ட் செல் 40. ஒரு பையன் மேல் வாரத்துக்கு 50-தான் உச்சவரம்பு. கோச் திறன் எதையும் எடுக்காத நிலையில் கணக்கை இதில் வைத்துக்கொள்ளுங்கள். 2025-இல் வந்த 26-ஆம் பதிப்பிலும் இடையில் வந்த பேட்ச்களிலும் சில மாறியிருக்கின்றன. உங்கள் திரையில் என்ன விலை காட்டுகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள், கணக்குப் போடும் முறை மாறாது.

அந்த 50 என்ற உச்சவரம்பில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. நீங்கள் 50 போட்டால் எதிரியும் 50 போடலாம். அதற்கு மேல் யாரும் போக முடியாது. அப்படியானால் இரண்டு பேரும் முழுசாக இறங்கும் மோதலில் ஹவர்ஸ் ஒன்றுக்கொன்று அடிபட்டுப் போகிறது. மிச்சம் இருப்பது காசு கொடுத்து வாங்க முடியாத சமாச்சாரங்கள்: அந்தப் பையனின் ஊர் உங்கள் பைப்லைனில் (உங்களுக்குச் செல்வாக்குள்ள பகுதியில்) இருக்கிறதா, அவன் கேட்கிற மூன்று விஷயங்களில் உங்கள் மதிப்பெண் என்ன, இப்போது யார் முன்னால் இருக்கிறார். ஆகவே மோதலாமா என்று முடிவெடுக்கும்போது உங்களிடம் எத்தனை ஹவர்ஸ் இருக்கிறது என்று பார்ப்பது இரண்டாவது வேலை. முதல் வேலை, இரண்டு பேரும் 50 போட்டால் யார் பக்கம் சாயும் என்று பார்ப்பது.

இதற்கு மூன்று சோதனை போதும்.

டீல்பிரேக்கர் முதலில். ஒவ்வொரு பையனுக்கும் விட்டுக்கொடுக்காத ஒரு நிபந்தனை இருக்கலாம். அதில் உங்கள் மதிப்பெண் அவன் கேட்கும் அளவுக்குக் கீழே போனால் கதவு மூடிவிடும், எவ்வளவு ஹவர்ஸ் போட்டாலும் சரி. இன்றைக்குத் தாண்டியிருக்கிறோமா என்று மட்டும் பார்த்தால் போதாது, எவ்வளவு தாண்டியிருக்கிறோம் என்று பாருங்கள். அவன் கேட்பது பி கிரேடு, உங்களிடம் இருப்பதும் பி என்றால் அது ஆபத்தான இடம். குறிப்பாக ஆடும் வாய்ப்பு என்ற மதிப்பெண் பொசிஷனுக்குப் பொசிஷன் வேறு. அந்த இடத்தில் ஏற்கெனவே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஏறி இறங்கும். இந்த வாரம் ஒரு குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவன்) உங்களிடம் சம்மதம் சொன்னால், போர்டில் இருக்கும் இன்னொரு குவார்ட்டர்பேக்குக்கு உங்கள் மதிப்பெண் விழலாம். இரண்டு பேரையும் ஆடும் வாய்ப்பை டீல்பிரேக்கராக வைத்திருக்கும் பையன்களாகப் பிடித்துவைத்துக்கொண்டு, முதல் ஆள் கிடைத்த சந்தோஷத்தில் இரண்டாவது ஆளை இழப்பது அடிக்கடி நடக்கிறது.

அடுத்து, அவன் மனசில் இருக்கும் மூன்று விஷயங்கள். விளையாட்டில் மொத்தம் 14 அம்சங்கள்: ஆடும் வாய்ப்பு, ஆட்டப் பாணி, சாம்பியன்ஷிப் வாய்ப்பு, அணியின் பாரம்பரியம், கேம்பஸ் வாழ்க்கை, ஸ்டேடியம் ஆரவாரம், தொழில்முறை வாய்ப்பு, விளம்பர வெளிச்சம், படிப்பின் மதிப்பு, கான்ஃபரன்ஸ் மதிப்பு, கோச் நிலைத்திருப்பது, கோச் பெயர், பயிற்சி வசதிகள், வீட்டுக்கு அருகாமை. ஒரு பையனுக்கு இவற்றில் மூன்று முக்கியம். தொடர்புகொள்ளும் வேலைகளைச் செய்யச் செய்ய அவை ஒவ்வொன்றாகத் தெரியவரும். கென்ட் ஸ்டேட் மாதிரி மிட்-அமெரிக்கன் கான்ஃபரன்ஸ் என்ற அணிக் குழுவில் இருக்கும் சின்ன அணியை எடுத்தவர், சாம்பியன்ஷிப் வாய்ப்பும் ஸ்டேடியம் ஆரவாரமும் கேட்கிற பையனிடம் ஒரு வாரம் கூடுதலாக நிற்கக் கூடாது. அருகாமையும் ஆடும் வாய்ப்பும் கேட்கிற பையனிடம் அதே கென்ட் ஸ்டேட் பெரிய கல்லூரியையே தடுமாறவைக்கலாம்.

மூன்றாவது பைப்லைன். உங்கள் கல்லூரிக்கோ உங்கள் கோச்சுக்கோ அந்தப் பகுதியில் செல்வாக்கு இருந்தால் ஒவ்வொரு வாரமும் கூடுதல் ஏற்றம் வரும். சமமான மோதலில் இது மட்டுமே முடிவைச் சொல்லிவிடும். பைப்லைனுக்கு வெளியே, பெரிய அணி ஒன்று முன்னால் நிற்க, மூன்று அம்சத்தில் ஒன்றுதான் பொருந்துகிறது என்றால் அவன் எத்தனை ஸ்டார் என்பதைப் பார்க்கவே வேண்டாம், போர்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஸ்டார் என்றதும் ஒன்று. மோதலில் இறங்கும் முன் அந்தப் பையனை ஸ்கவுட் செய்து, அதாவது ஹவர்ஸ் போட்டு அவன் உண்மைத் திறனைப் பார்த்து, முடித்துவிட வேண்டும். பச்சைக் கல் வந்தால் ஸ்டாருக்கு மேலான ஆள், சிவப்பு வந்தால் ஸ்டாருக்குக் கீழான ஆள். சிவப்பு விழுந்த நாலு ஸ்டாருக்காக ஏழு வாரம் சண்டை போட்டு, பச்சை விழுந்த மூணு ஸ்டாரை யாரோ சும்மா எடுத்துக்கொண்டு போவதைப் பார்க்கும் அணிகள் நிறைய. ஸ்கவுட்டுக்குப் போகும் ஹவர்ஸ் வீண் என்று நினைப்பவர்கள்தான் இந்தச் சண்டையில் இருப்பார்கள்.

இனி விலைக் கணக்கு. வாரத்துக்கு 300 ஹவர்ஸ் உள்ள சின்ன அணி என்று வைத்துக்கொள்வோம். ஓஹியோவில் ஒரு நாலு ஸ்டார் ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவன்), பெரிய அணியான ஓஹியோ ஸ்டேட் முன்னால் இருக்கிறது. ஏழு வாரம் 50 வீதம் போட்டால் 350. ஜெயிக்கும் வாய்ப்பு அஞ்சுக்கு ஒன்று என்று தாராளமாகவே போடுவோம். அப்படியானால் ஒரு நாலு ஸ்டார் ரிசீவரின் உண்மையான விலை 350 இல்லை, 1750. மறுபக்கம், உங்கள் பைப்லைனில் மூன்று மூணு ஸ்டார் பையன்கள், உங்கள் தரத்து அணிகளே எதிரிகள், ஆளுக்கு வாரம் 25 வீதம் அஞ்சு வாரம், மொத்தம் 375. ஒவ்வொருவரும் கிடைக்கும் வாய்ப்பு அஞ்சுக்கு மூன்று என்றால் சராசரியாக 1.8 பேர் வருவார்கள். ஆளுக்கு 208 ஹவர்ஸ். ஆக அந்த நாலு ஸ்டார் ரிசீவர் கிட்டத்தட்ட எட்டு மூணு ஸ்டார் பையன்களின் விலை. எட்டுக்கு அவன் தகுவானா? ரிசீவருக்குத் தகாது.

அதே பையனுக்கு எதிரி உங்கள் அளவு அணியாக இருந்து, வாய்ப்பு பாதிக்குப் பாதி என்றால் விலை 700-க்கு இறங்கும். இப்போது அவன் மூணு பேருக்குச் சற்று மேல். இங்கே யோசிக்கலாம். குவார்ட்டர்பேக்காக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், மோதுங்கள். களத்தில் ஒரே ஒரு குவார்ட்டர்பேக்தான் நிற்கிறான், ஒவ்வொரு ஆட்டமும் அவன் கையைத் தொட்டுத்தான் போகிறது. நல்லவனுக்கும் சுமாரானவனுக்கும் உள்ள இடைவெளியை வேறு இடத்தில் ஈடுகட்ட முடியாது. அவனைக் காக்கும் லைனில் அஞ்சு பேர் நிற்கிறார்கள். அதில் கார்டு என்ற இடத்துக்கு ஒருவன் கிடைக்காவிட்டால் அடுத்தவனை வைத்து ஓட்டலாம். எதிரணிக் குவார்ட்டர்பேக்கைத் துரத்தும் எட்ஜ், ரிசீவரைத் தடுக்கும் கார்னர்பேக் இரண்டுக்கும் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம். பந்தை உதைக்க மட்டும் வரும் கிக்கருக்கும் பண்டருக்கும் மோதல் என்ற பேச்சே வேண்டாம்.

எப்போது இறங்குவது, எப்போது விலகுவது என்பதற்கு வருவோம். பையன் யோசிக்கும் கல்லூரிகளின் பட்டியல் எட்டாக, அஞ்சாக, மூன்றாகச் சுருங்கிக்கொண்டே வரும். எட்டில் இருக்கும்போது நுழைவது மலிவு. மூன்றாகச் சுருங்கிய பிறகு புதிதாக நுழைய நினைப்பது வீண் வேலை. அதனால் சீசன் தொடக்கத்தில் கொஞ்சம் அதிகப் பேருக்கு ஸ்காலர்ஷிப் கொடுத்து, 10, 25 என்று சின்னதாகப் போட்டுப் பார்த்து, இரண்டு வாரம் கழித்துப் பாதியை வெட்டுவது நல்ல முறை. வெட்டாமல் இழுப்பதுதான் கெடுதி.

வெட்டுவதற்கு அளவு வேண்டும். பட்டியலில் ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு பட்டை தெரியும். ஒவ்வொரு வாரமும் அட்வான்ஸ் ஆனதும், அதாவது விளையாட்டு அடுத்த வாரத்துக்கு நகர்ந்ததும், அந்தத் திரையைப் போனில் ஒரே இடத்திலிருந்து படம் எடுத்து, பட்டைகளை அளந்து எழுதிவையுங்கள். ஒரு கணக்கு பார்ப்போம். படத்தில் முழுப் பட்டை 90 மில்லிமீட்டர். போன வாரம் எதிரி 62, நீங்கள் 41. இந்த வாரம் எதிரி 66, நீங்கள் 47. இடைவெளி 21-லிருந்து 19 ஆகியிருக்கிறது. நெருங்குகிறோம் என்று குஷியாகி 50, 50 என்று கொட்டத் தோன்றும். ஆனால் எதிரிக்கு நிரம்ப இன்னும் 24 வேண்டும், வாரம் 4 ஏறுகிறார், ஆறு வாரத்தில் முடித்துவிடுவார். அந்த ஆறு வாரத்தில் நீங்கள் 36 ஏறி 83-இல் நிற்பீர்கள். ஏழு மில்லிமீட்டரில் தோல்வி. இடைவெளி குறைகிறது என்பது மட்டும் போதாது; அவர் நிரப்புவதற்கு முன்னால் நீங்கள் நிரப்புவீர்களா என்பதுதான் கேள்வி.

அந்த ஏழு மில்லிமீட்டரை எதனால் அடைக்கலாம்? விசிட் (பையனைக் கல்லூரிக்கு வரவழைப்பது), சரியான ஹார்ட் செல், இந்த இரண்டால்தான். இரண்டும் ஆறு வாரத்துக்குள் செய்ய வழியில்லை என்றால் அன்றைக்கே விலகுங்கள். வழி இருந்தால் மோதலாம். நீங்கள் முழு 50 போட்டும் இரண்டு வாரம் தொடர்ந்து இடைவெளி கூடினால் மறுபேச்சே இல்லை, எடுத்துவிட வேண்டியதுதான். 'இவ்வளவு போட்டாச்சே' என்ற நினைப்புதான் இங்கே ஆளைக் கெடுக்கும்.

ஹார்ட் செல்லில் நடக்கும் தப்பு இது: மூன்று அம்சமும் தெரிவதற்கு முன்னால் ஊகத்தில் பிட்ச் செய்வது. மூன்றில் ஒன்றுதான் பொருந்துகிறது என்றால் 40 ஹவர்ஸ் கொடுத்து எதுவும் வாங்கவில்லை என்று அர்த்தம். மூன்றும் தெரிந்து, மூன்றிலும் உங்கள் மதிப்பெண் நன்றாக இருந்தால் ஹார்ட் செல் 40, மீதி 10-க்கு மெசேஜ். இரண்டு தெரிந்து ஒன்று சந்தேகம் என்றால் சாஃப்ட் செல் 20, குடும்பத் தொடர்பு 25, சோஷியல் மீடியா 5. இதுவும் 50-தான், ரிஸ்க் குறைவு. ஸ்வே என்பது அவன் மனசையே உங்கள் பலத்துக்குத் திருப்பும் வேலை. அதற்கு நேரம் பிடிக்கும். பின்னால் இருப்பவர் ஸ்வேயில் இறங்கினால் திருப்பி முடிப்பதற்குள் பையன் போய்விடுவான். முன்னால் இருப்பவருக்கோ அது தேவைப்படாது. போட்டி இல்லாத பையனிடம் மட்டும் ஸ்வேக்கு ஓரளவு பொருள் உண்டு.

விசிட்டில் கவனம் கூடுதலாக வேண்டும், ஏனென்றால் ஒரே வாரத்தில் நிலைமையைப் புரட்டக்கூடியது அதுதான். ஒரு வாரத்துக்கு நாலு பேர் வரைக்கும் வரவழைக்கலாம். ஒத்துப்போகும் பொசிஷன்கள் சேர்ந்து வந்தால் கூடுதல் பலன்: குவார்ட்டர்பேக்கையும் ரிசீவரையும் ஒரே வாரத்தில் கூப்பிடுங்கள். ஒரே பொசிஷனில் இரண்டு பேரை ஒரே வாரம் கூப்பிட்டால் இரண்டு பேருக்கும் பலன் குறையும். அன்றைய ஆட்டத்தின் முடிவும் சேரும். ஜெயித்தால் ஏற்றம், தோற்றால் அடி. இங்கேதான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். பெரிய எதிரணி வரும் ஆட்டத்துக்கு எல்லாப் பையன்களையும் கூப்பிட்டு, அந்த ஆட்டத்தில் தோற்று, நாலு மோதலையும் ஒரே நாளில் இழப்பது. உறுதியாக ஜெயிக்கும் சொந்த ஊர் ஆட்டமே நெருக்கமான மோதலில் இருப்பவனுக்கு நல்லது. ஏற்கெனவே நன்றாக முன்னால் இருக்கும் பையனைப் பெரிய ஆட்டத்துக்குக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், அவனுக்கு ஒரு தோல்வியைத் தாங்கும் இடைவெளி இருக்கிறது. இன்னொன்று, அட்டவணையைச் சீசன் தொடங்கும் முன்பே திறந்து, சொந்த ஊர் ஆட்டங்கள் எந்தெந்த வாரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து வெளியூர் ஆட்டங்கள் வரும் காலத்தில் முடிவு எடுக்கப்போகும் பையனுக்காக மோதுவது கை கட்டிக்கொண்டு மோதுவது மாதிரிதான்.

ஆன்லைன் டைனஸ்டி வேறு ஆட்டம். 32 பேர் வரை சேரலாம். எதிரே உட்கார்ந்திருப்பவர் மனுஷன். அவருக்கும் வீம்பு இருக்கும். ஒரே பையனுக்கு இரண்டு பேர் வீம்பில் 50, 50 போட்டுக்கொண்டிருந்தால் லாபம் மூன்றாவது ஆளுக்கு. எதிரி அணியின் ரோஸ்டரை (ஆட்கள் பட்டியலை) திறந்து பாருங்கள்: அந்தப் பொசிஷனில் கடைசி வருஷம் படிப்பவர்கள் எத்தனை பேர், அடுத்த வருஷம் காலியாகுமா? காலியானால் அவர் விடமாட்டார், அதற்குள் நீங்கள் வேறு ஆளைப் பாருங்கள். இரண்டு மூன்று இளம் ஆட்கள் இருந்தும் அந்தப் பையனைத் துரத்துகிறார் என்றால் அவருக்கு அது ஆசை, தேவை இல்லை. வேறு மோதலில் நெருக்கடி வந்ததும் முதலில் அவனைத்தான் கைவிடுவார். அங்கே பொறுமையாக நிற்கலாம். எதிரிக்குக் கிடைக்கக் கூடாது என்பதற்காகவே மோதுவது, அவர் உங்கள் கான்ஃபரன்ஸில் இருந்து, வருஷா வருஷம் சந்திக்கும் அணியாக இருந்தால் மட்டும் ஒருமுறை யோசிக்கத் தகும். மற்றபடி அது கோபச் செலவு.

நேரக் கணக்கும் நம் பக்கத்து ஆட்களுக்கு முக்கியம். அமெரிக்காவில் இருப்பவர் டைனஸ்டியை நடத்தும் கமிஷனராக இருந்து, கிழக்கு அமெரிக்க நேரம் இரவு 9 மணிக்கு அட்வான்ஸ் என்று வைத்தால், நமக்கு அது மறுநாள் காலை 6.30. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தைப் பின்னால் தள்ளிய பிறகு 7.30. ஓசூர் சிப்காட்டில் ஆறு மணி ஷிஃப்டுக்குப் போகிறவர் அந்த நேரத்தில் மெஷின் முன்னால் இருப்பார். ஆகவே கடைசி நிமிஷ மாற்றம் நமக்குக் கிடையாது. முதல் நாள் ராத்திரியே ஹவர்ஸைப் போட்டு வைத்துவிட வேண்டும். இதனால் ஒரு பாதகம்: எதிரி கடைசி நேரத்தில் செய்வதை நாம் பார்த்துப் பதில் செய்ய முடியாது. ஆகவே ஒரு வாரத்தில் முடிவாகப்போகும் நெருக்கமான மோதல்கள் இரண்டுக்கு மேல் வைத்துக்கொள்ளாமல், தெளிவாக முன்னால் இருக்கும் பையன்களை முடிப்பது நல்லது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளையும் குறித்துவையுங்கள், பகலில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மாலைதான் கரண்ட் வரும்.

விலகிய பிறகு என்ன? அந்த 50-ஐ அப்படியே இன்னொரு பெரிய மோதலில் போடாதீர்கள். இரண்டு 25 ஆகப் பிரித்து, நீங்கள் முதலிடத்தில் இருந்தும் இன்னும் முடிக்காத பையன்களிடம் போடுங்கள். முன்னால் இருக்கும்போது போடும் ஹவர்ஸ் மதிப்பு அதிகம். சீக்கிரம் முடித்தால் அடுத்த வாரம் முதல் அந்த 25-ம் விடுபடும். சீசன் பின்பாதியில் பட்டியலை மறுபடி புரட்டினால், யாரும் பெரிதாகக் கவனிக்காத பையன்கள் சிலர் இன்னும் கையெழுத்துப் போடாமல் இருப்பார்கள். பெரிய மோதல்களில் தலை சிக்கியவர்களுக்கு அவர்களைப் பார்க்க ஹவர்ஸ் இருக்காது.

ஆடும் வாய்ப்பைக் காட்டி ஜெயித்த பையனைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அவனுடைய டீல்பிரேக்கர் அவன் சேர்ந்த பிறகும் உயிரோடு இருக்கும். இரண்டாம் வருஷம் அவனுக்கு முன்னால் வேறு ஆளை நிறுத்தினால் டிரான்ஸ்ஃபர் போர்டலுக்கு (கல்லூரி மாற நினைக்கும் வீரர்களின் பட்டியலுக்கு) போய்விடுவான், ஏழு வாரச் சண்டையின் பலன் எதிரிக்கு. அதே போர்டல் சீசன் முடிந்து நாலு வாரம் திறந்திருக்கும். விட்டுப்போன பொசிஷனுக்கு அங்கே ஆள் கிடைக்கும். ஆகவே போர்டலில் நிரப்பக்கூடிய பொசிஷனுக்கு அக்டோபரில் மோதுவதை ஒருமுறை மறுபடி யோசியுங்கள். கடைசியில் ரோஸ்டரை 85 பேருக்கு வெட்ட வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். அடுத்த வருஷம் எத்தனை இடம் காலியாகிறது என்று இப்போதே எண்ணிப் பார்த்து, 18 இடம்தான் என்றால் 25 பேருக்கு மோதாதீர்கள். கூடுதலாக வரும் ஏழு பேருக்காகப் பழைய ஏழு பேரை நீங்களே வெளியே அனுப்ப வேண்டியிருக்கும்.